பூனைக்கூண்டின் இரண்டாவது கதவு

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கோயிலிலிருந்து வந்ததும் வராததுமாக, நெற்றியில் சாம்பலோடு பிலோமி பொரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்கப்பாகிட்டச் சொல்லு. ஈஸ்டருக்கு மறுநாள் உங்க சித்தி ஆரோக்கியம் வர்றா. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் தப்பிச்சு ஓட முடியாத மாதிரி ஒரு கூண்டு இருந்தா, இங்க இருப்பீங்க. இல்லன்னா சித்தியோட அவ ஊரு வல்லத்துக்குப் போயிருவீங்க.”

பொரி என்பது பூனை. வெள்ளைப் பூனை. நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளாக என் மனைவி என்னோடு பேசுவது இப்படித்தான். பொரி இல்லாவிட்டால் இன்னொரு பூனை மிட்டாய். சில சமயம் இட்லிப் பானை.

பன்னிரண்டு நாள் என்றால் கருப்பட்டி போன நாளிலிருந்து. பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. வராந்தாவின் கிரில் கதவு திறந்து கிடந்திருக்கிறது. கருப்பட்டி வெளியே போய்விட்டது. பிறந்ததிலிருந்து தெருவையே பார்க்காத பூனை அது. மினி பஸ்ஸைப் பார்த்ததும் ஓட வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எலுமிச்சை மரத்தடியில் நான்தான் குழி வெட்டினேன்.

கதவைத் திறந்து போட்டது சிலிண்டர் கொண்டுவரும் வீரமலை. அன்றே அவனைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். “நான் இல்ல சார்” என்றான். எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ரயில்வே சிக்னலில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். எத்தனை ஃபெயிலியர் ரிப்போர்ட் எழுதியிருப்பேன்! என்ன பழுது, எத்தனை மணிக்கு, காரணம் என்ன, பொறுப்பு யார். அந்தக் கடைசிக் கட்டத்தில் சவரிராஜ் என்ற என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை.

எனக்குப் பூனைகள் மேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. ஆனால் சவால் என்று வந்துவிட்டால் விட மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

வெல்டர் ரபீக் பாய் நாளைக்கு வருகிறேன் என்றார்.

மார்ச் 8, சனி

வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து நாள் முழுக்க உட்கார்ந்து கூண்டுக்குப் படம் போட்டேன். சமையலறை ஜன்னலை ஒட்டிக் கிழக்கே எட்டடிக்குப் பன்னிரண்டடி வெற்று இடம் கிடக்கிறது. ஜன்னல் கம்பி வழியாகப் பூனைகள் தாமாகவே கூண்டுக்குள் இறங்கிக்கொள்ளலாம். சுற்றிலும் மேலேயும் கம்பி வலை. நாம் உள்ளே போய்ப் பெருக்கத்தான் கதவு.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஒரு கதவு வைத்தால் மறந்து திறந்து போட ஆள் இருக்கிறார்கள். அதனால் இரண்டு கதவு. நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். இரண்டு தாழ்ப்பாளையும் ஒரே இரும்புக் கம்பியில் கோத்துவிட்டால், ஒரு கதவு திறந்திருக்கும்போது மற்றது திறக்காது. ரயில்வே கேட்டும் சிக்னலும் அப்படித்தான். கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. ஏதாவது பழுதானால் எல்லாம் தானாகச் சிவப்புக்குப் போய்விட வேண்டும். கூண்டிலும் அதே. கம்பி கழன்றால் எடைக்கட்டி விழுந்து இரண்டு கதவும் பூட்டிக்கொள்ளும். மனிதன் தப்புச் செய்தாலும் பூனை சாகாது.

படம் போடும்போது இளங்கோவன் ஃபோன் செய்தான். எனக்குக் கீழே வேலை பார்த்தவன். இன்னும் சந்தேகம் என்றால் என்னைத்தான் கேட்பான். போன முறை பேசியது பிப்ரவரி 21, காலை 10.20. தண்டவாளம் மாற்றும் பாயின்ட் ஒன்று மாறாமல் அடம்பிடித்ததாம். முக்கால் மணி நேரம் விளக்கினேன். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, தெருவில் வேப்பமரத்தடி வரை போனால்தான் குரல் கேட்கும்.

சிலிண்டர் வந்தது பதினொரு மணிக்கு. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பாய் வரவில்லை. ஃபோனில் “வண்டியில வந்துக்கிட்டே இருக்கேன் சார்” என்றார். பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தம்.

பூனைகள் இரண்டும் படுக்கையறையில் அடைபட்டுக் கிடக்கின்றன. மிட்டாய் என் கட்டில் காலைப் பிராண்டிப் பிராண்டிச் சீப்பு மாதிரி ஆக்கிவிட்டது. பொரி ராத்திரியெல்லாம் என் கால்மாட்டில் படுக்கிறது. புரண்டு படுத்தால் எழுந்துவிடும் என்று புரளாமலே படுத்து முதுகு விறைத்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

பாய் வந்தார்! படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது பூனைக்கா, புலிக்கா?”

“படத்துல உள்ளபடி செய்யுங்க பாய்.”

“ரெண்டு கதவு எதுக்கு சார்? ஒண்ணு வச்சு நல்லா சாத்துனாப் பத்தாதா?”

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது. “மிட்டாய், அந்த அண்ணன் கேக்குறது ஞாயந்தான? சாத்துனாப் பத்தாதா?”

மார்ச் 19, புதன்

கூண்டின் இரும்புச் சட்டம் வந்து இறங்கியது. வயிறு எரிகிறது. கதவின் அகலம் 750 என்று தெளிவாக மில்லிமீட்டரில் எழுதியிருந்தேன். வந்திருப்பது சரியாக இரண்டடி.

“எழுநூத்தம்பதுன்னா ரெண்டடிச் சொச்சம் சார். சொச்சத்த விட்டுட்டேன்.”

“சொச்சம் அரையடி பாய்!”

“பூன போறதுக்கு இது போதும் சார்.”

பூனை கதவு வழியாகப் போகக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும் என்று கத்தினேன். ரமலான் நோன்பு மாதம். அந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் வெல்டிங் வைக்கிறார். கத்தியபிறகு அது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார். நடு இடமும் அதே கணக்கில் ஒடுங்கி, இரண்டு கதவுக்கும் நடுவே நான் ஒருக்களித்துத்தான் நிற்க முடிகிறது.

மார்ச் 24, திங்கள்

சிலிண்டர் வந்தது. முன்பெல்லாம் வீரமலை தோளில் தூக்கி வந்து அடுப்படியில் மாட்டி, சோப்பு நுரை வைத்துக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவான். இன்று தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, மணியை மட்டும் அடித்தான். “உள்ள வரல சார். கதவு சமாச்சாரம்” என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

உருட்டிக்கொண்டு வந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிலோமி தைலத்தைக் கொண்டுவந்து ஸ்டூலில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். பொரியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. பேச்சைவிட அது மோசமாக இருந்தது.

மார்ச் 27, வியாழன்

கம்பி வலை அடித்து முடிந்தது. பரீட்சை பார்க்க மிட்டாயை உள்ளே விட்டேன். நாலே நிமிஷம். ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடுக்கும் வலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டிருக்கிறார் பாய். அதில் தண்ணீர் போல வழிந்து வெளியே போய்விட்டது.

லுங்கியோடு தெருவில் ஓடினேன். மூன்றாவது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது, மகாராணி. கீழே மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கருவாட்டைக் காட்டி இறக்கி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். சட்டை முழுக்கக் கீறல். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தேன். திரும்பி வந்து மறுபடி தள்ளிப் பார்த்தேன். பிறகு அந்தக் கதவுக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் ஓடியதுதான்.

பிலோமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். நான் அவ்வளவு கத்தியும் பாய் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய மட்டன் பிரியாணி வந்தது. எங்களுக்குத் தவக்காலம், நாற்பது நாளும் கறி கிடையாது. மூடியைத் திறந்து வாசனை பிடித்துவிட்டு மூடினேன். கறித்துண்டுகளைக் கழுவிப் பிலோமி பூனைகளுக்குப் போட்டாள்.

“நல்லாச் சாப்பிடுங்க. உங்களுக்கு ஒத்துக்க வேண்டிய பாவம் ஒண்ணும் இல்ல.”

இந்தப் பேச்சை நான் காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இடைவெளியை அடைத்தாயிற்று. பச்சை வலையால் நிழல் கட்டினேன், தென்னங்கயிறு சுற்றிய கம்பம் நட்டேன், ஏறி உட்கார மூன்று பலகை அடித்தேன். எல்லாம் ரெடி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம். ஒன்றும் இறங்கவில்லை. பொரி ஜன்னல் கம்பிக்கு நடுவில் தலையை நீட்டி, மோந்து பார்த்து, கொட்டாவி விட்டது. பிறகு இரண்டும் ஃபேன் வந்த அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டன. ஒரு மாத உழைப்பு! இதுகளுக்குப் போய்ச் செய்தேனே, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

ஈஸ்டருக்குமுன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியார். கோபப்பட்டது, பாயைத் திட்டியது, பூசை நேரத்தில் கூண்டைப் பற்றி யோசித்தது, எல்லாம் சொன்னேன்.

“வேற என்ன?” என்றார்.

“அவ்வளவுதான் சாமி.”

பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மற்றது பாவக் கணக்கில் வராது. அது ஃபெயிலியர். அதற்கு வேறு ரிஜிஸ்டர்.

கிரில் கதவை நான் சாத்துவது வழக்கம். எப்போதும் சாத்துவேன். அன்றும் சாத்தியிருப்பேன்.

ஏப்ரல் 12, சனி

பொரி இறங்கியது! வெயில் தாழ்ந்ததும் தானாக இறங்கி, ஒரு பலகையில் ஏறி, ஒரு தட்டான் பின்னால் பாய்ந்தது. ஓடிப்போய்ப் பிலோமியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன்.

“கருப்பட்டிக்கும் இப்படித் தட்டான் பிடிக்கணும்னு ஆச” என்று பொரியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூண்டு முடிந்தால் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். இன்னும் இன்டர்லாக் பாக்கி. அது முடிந்தால் பேசக்கூடும்.

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். இன்டர்லாக் மாட்டிவிட்டேன். வெளிக்கதவுக்கு மேலே தகரப்பெட்டி, அதற்குள் கம்பியும் எடைக்கட்டியும். யாரும் கை வைக்கக் கூடாதென்று பெட்டிக்குப் பூட்டும் போட்டு, சாவியை டிவி பக்கத்து ஆணியில் மாட்டினேன். நாற்பது தடவை திறந்து மூடிப் பார்த்தேன். அருமை. கோயிலுக்கு நேரமாகிறது என்று பொரியிடம் சொல்லி அனுப்பினாள், அதனால் அவசரமாகக் கிளம்பினேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

விவரமாக எழுத வேண்டும்.

மூன்று மணி சிலுவை வழிபாட்டுக்குப் பிலோமி கிளம்பினாள். இடுப்பு வலி என்று நான் போகவில்லை. இடுப்பு வலி உண்மைதான், ஆனால் கதவை இன்னொரு தடவை சோதிக்கும் ஆசைதான் பெரிது. 3.10க்கு வெளிக்கதவைத் திறந்து நடுவில் ஒருக்களித்து நின்று, கதவைச் சாத்தினேன். தலைக்கு மேலே பெட்டிக்குள் ‘ணங்’ என்று சத்தம். உள்கதவைத் தள்ளினேன். வரவில்லை. வெளிக்கதவைத் தள்ளினேன். அதுவும் வரவில்லை.

புரிந்துவிட்டது. கம்பி கழன்று வராமல் பிடிக்கும் காட்டர் பின் என்ற இரட்டைக்கால் ஊசியின் நுனியை நேற்று விரித்து விடவில்லை. அவசரத்தில் செருகியதோடு சரி. நாற்பது தடவை தாங்கியது. நாற்பத்தொன்றாவது தடவை கழன்றுவிட்டது. எல்லாம் சிவப்பு. நான் போட்ட திட்டம் அப்படியே வேலை செய்துவிட்டது. பின் விரிக்காததற்காக எத்தனை பையன்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்!

ஃபோன் சார்ஜரில். கூப்பிட்டுப் பார்த்தேன். தெரு முழுக்கக் கோயிலில் இருந்தது. உபவாச வயிறு. உட்கார முடியாது, குனிய முடியாது. முன்னால் பார்த்தால் எலுமிச்சை மரம். மரத்தடியில் அந்த மண் இன்னும் சரியாக இறுகவில்லை. மழை பெய்தால் இறுகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு பக்கம் திரும்ப இடமில்லை.

பொரி வந்து உள்கதவோரம் என் குதிகாலை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

5.30க்குப் பிலோமி வந்தாள். தேடியிருக்கிறாள், கொல்லைப்பக்கம் வந்தாள். வலைக்குள் நிற்கும் என்னைப் பார்த்தாள்.

“பொரி, உங்கப்பா ஏன் உள்ள நிக்கிறாரு?”

“பிலோமி, டிவி பக்கத்துல சாவி இருக்கு. பெட்டியத் திறந்து கட்டியத் தூக்கு.”

அவள் அசையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது.

“என்ன ஆச்சாம்?”

“பின்ன விரிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்.”

“வேற?”

ஒன்பது நாளில் இரண்டாவது தடவை என்னிடம் அந்தக் கேள்வி. கம்பி வலையை விரலால் பற்றிக்கொண்டேன்.

“கிரில் கதவும் நான்தான் பிலோமி. இளங்கோவன் ஃபோன் பண்ணான். பேசிக்கிட்டே தெருவுக்குப் போனேன். சாத்தல. எங்கிட்டச் சந்தேகம் கேக்குறான்ங்கிற பெருமையில திரும்பிக்கூடப் பாக்கல. திரும்பி வந்தப்ப வீரமல நின்னான். அவன் மேல போட்டுட்டேன். கருப்பட்டிய நான்தான் கொன்னேன்.”

சொல்லிவிட்டு அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையை மடக்கக்கூட அங்கே இடமில்லை.

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். என்னைப் பார்த்தே பேசினாள்.

“எனக்குத் தெரியுங்க.”

“எப்படி?”

“மறுநாளே கடைத்தெருவுல வீரமலையப் பாத்தேன். அவன் வரும்போதே கதவு திறந்து கெடந்துச்சாம். நீங்க மரத்தடியில கைய ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு நின்னீங்களாம். ‘சார்கிட்டச் சொல்லிராதீங்கம்மா, வருத்தப்படுவாரு’ன்னான். திட்டு வாங்குனவன் சொல்றான்.”

“அப்பவே ஏன் எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டா ‘இல்ல’ம்பீங்க. அப்புறம் நான் உங்கள எப்படிப் பாக்குறது? கதவ யாரும் மறப்பாங்க. நானும் மறந்திருக்கேன். பூனைக்காக ஒரு வாரம் அழுதேன். மிச்ச நாளெல்லாம் உங்களுக்காக. அம்பத்தாறு நாளாச்சு.”

அவளும் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“கஞ்சி அடுப்புல இருக்கு. கலக்கி வச்சுட்டு வந்து திறக்குறேன். அதுவரைக்கும் நில்லுங்க.”

பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தாள். அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கால் வலிக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

கேஸ் குடோனுக்குப் போனேன். வீரமலை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூட நாலு பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். திட்டும்போது தனியாகவா திட்டினேன்? எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் எழுந்து நின்று, கழுவாத கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அட விடுங்க சார்” என்றான். மன்னித்தானா என்று தெரியவில்லை. அது அவன் இஷ்டம்.

சாயங்காலம் பழைய ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன். பழுது: கிரில் கதவு சாத்தப்படவில்லை. நாள்: 21.2. நேரம்: காலை 10.20. காரணம்: கவனமின்மை, தற்பெருமை. பொறுப்பு: பி. சவரிராஜ். கையெழுத்துப் போட்டேன். பிலோமியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஆரோக்கியம் வந்தாள். பூனைக்கூடை இரண்டு கொண்டுவந்திருந்தாள். கூண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மச்சான், எங்க வீட்டையே இவ்வளவு கெட்டியாக் கட்டல” என்றாள். ஒரு கூடையில் மாங்காயும் மற்றதில் மீந்த ஈஸ்டர் கேக்கும் போட்டு அனுப்பினோம்.

ஏப்ரல் 26, சனி

மிட்டாயும் இறங்கிவிட்டது. பச்சை வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது, சனியன். நான் கூண்டுக்குள் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் சிலிண்டர் சத்தம். தெருவில் இறக்கி வைக்கும் சத்தம் இல்லை, அடுப்படியில் வைக்கும் சத்தம். பிறகு சோப்பு நுரை கேட்டு வாங்கும் குரல். பிலோமி வீரமலைக்கு மோர் கொடுத்தாள். போகும்போது வராந்தாவிலிருந்து கூப்பிட்டுச் சொன்னான்.

“சார், கிரில்லச் சாத்திட்டேன். வேணும்னா வந்து பாத்துக்கங்க.”

நான் போய்ப் பார்க்கவில்லை.